உள்நாட்டுக் கடலைத் தேடியவர்கள்: ஆஸ்திரேலியப் பாலைப் பயணங்களும் பூர்வகுடிகளின் நீரறிவும்

1844 ஆகஸ்ட் 10 அன்று சார்ல்ஸ் ஸ்டர்ட் அடிலெய்டு நகரிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டார். உடன் வந்தவர்கள் 15 பேர். 200 ஆடுகள், எருதுகள், குதிரைகள், மாவு மூட்டை ஏற்றிய வண்டிகள். அந்த வண்டிகளில் ஒன்றில் ஒரு படகு இருந்தது. கண்டத்தின் நடுவே ஒரு கடல் இருக்கிறது, அதில் பயணம் செய்ய வேண்டியிருக்கும் என்று அவர் உறுதியாக நம்பினார். ஒரு வருடம் கழித்து அவர் சென்று நின்ற இடம் சிம்ப்சன் பாலையின் விளிம்பு. செம்மணல் மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணுக்கெட்டிய தூரம்வரை நீண்டு கிடந்தன.

ஆஸ்திரேலிய உட்பகுதியை ஐரோப்பியர் நடந்து அறிந்த வரலாறு பெரும்பாலும் வீரக்கதையாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. யார் முதலில் கடந்தார், யார் வழியில் மாண்டார், எந்த மலைக்கு யார் பெயர் வைத்தார் என்பதே அந்தக் கதையின் கணக்கு. அந்தப் பயணக் குறிப்புகளை வேறொரு கேள்வியோடு படிக்கலாம். ஒவ்வொரு நாளும் இவர்களுக்குக் குடிநீர் எங்கிருந்து கிடைத்தது? இப்படிக் கேட்டதுமே கதையின் மையத்தில் வேறு மனிதர்கள் வந்து நிற்கிறார்கள். அந்தப் பாலையைத் தங்கள் ஊராகக் கொண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். பயணக்குழுக்களின் வெற்றியும் தோல்வியும், உயிரும் சாவும், அவர்களுடைய அறிவை எந்த அளவுக்குப் பெற்றன என்பதையே பெரிதும் சார்ந்திருந்தன. இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

கடல் என்ற நம்பிக்கை

உள்நாட்டுக் கடல் என்பது அன்று வெறும் கற்பனையாகத் தோன்றவில்லை. கிழக்குக் கரையோர மலைத்தொடரைத் தாண்டியதும் ஆறுகள் மேற்கு நோக்கி, உள்நாட்டுக்குள் ஓடுவதைக் குடியேறிகள் கண்டனர். இவ்வளவு நீரும் எங்காவது சென்று சேர வேண்டுமே என்பது இயல்பான ஊகம். கிழக்கிந்தியக் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற தாமஸ் மாஸ்லன், ஆஸ்திரேலியாவை ஒருமுறைகூடப் பார்க்காமலே, நடுவில் பெரும் நீர்ப்பரப்பு கொண்ட வரைபடம் ஒன்றை 1830இல் வெளியிட்டார். 1829-30இல் மர்ரே ஆற்றில் படகோட்டி அதன் முகத்துவாரம்வரை சென்று திரும்பியவர் ஸ்டர்ட். ஆற்றைப் பின்தொடர்ந்தால் விடை கிடைக்கும் என்ற பாடத்தை அந்தப் பயணம் அவருக்குத் தந்திருந்தது.

உண்மை வேறாக இருந்தது. உள்நாட்டு ஆறுகளில் பல, கடல்மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே கிடக்கும் ஐர் ஏரியின் வடிநிலத்தைச் சேர்ந்தவை. கண்டத்தின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் நீர் அந்த ஏரியை நோக்கித்தான் சரிகிறது. வழியிலேயே மண் குடித்ததும் வெயில் குடித்ததும் போக, பெருமழை பெய்த ஆண்டுகளில் மட்டுமே நீர் அங்கே வந்து சேரும். மற்ற காலங்களில் ஏரி வெறும் உப்புத் தரை. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஆழமற்ற கடல் இருந்தது என்று நிலவியல் சொல்கிறது. பெரும்பாலும் அதற்கு முன்பே படிந்த மணற்கல் அடுக்குகளில்தான் இன்று பெரும் ஆர்ட்டீசியன் வடிநிலத்தின் நீர் தேங்கி நிற்கிறது. ஸ்டர்ட் தேடிய நீர் அவர் காலுக்குக் கீழே, பாறைக்குள் இருந்தது.

ஆறு மாதச் சிறை

1845 ஜனவரி இறுதியில், இன்றைய நியூ சவுத் வேல்ஸின் வடமேற்கு மூலையில், ஒரு பாறைப் பள்ளத்தாக்கின் நீர்க்குட்டையருகே ஸ்டர்ட்டின் குழு முகாமிட்டது. டெப்போ கிளென் என்று அவர்கள் அதற்குப் பெயரிட்டனர். சுற்றிலும் இருந்த நீர்நிலைகள் எல்லாம் வற்றிவிட்டன. முன்னே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. ஜூலை நடுவில் மழை பெய்யும்வரை, ஏறத்தாழ ஆறு மாதம் அந்த ஒரே குட்டையை நம்பி அவர்கள் அங்கே அடைபட்டுக் கிடந்தார்கள்.

அந்த வெயிலைப் பற்றி ஸ்டர்ட் எழுதிவைத்த விவரங்கள் இன்றும் படிப்பவரை உலுக்குபவை. மரப் பெட்டிகள் உலர்ந்து சுருங்கியதால் திருகாணிகள் தாமாகவே கழன்று விழுந்தன. பென்சிலின் மரம் விலகி உள்ளிருந்த கரிக்கோல் நழுவியது. கொம்புச் சீப்புகள் மெல்லிய தகடுகளாகப் பிளந்தன. தலைமுடி வளர்வது நின்றது. நகங்கள் கண்ணாடிபோல் உடைந்தன. வெயிலிலிருந்து தப்ப ஆட்கள் தரைக்கடியில் ஓர் அறை தோண்டினர். புதிய காய்கனி இல்லாததால் ஸ்கர்வி நோய் குழுவைப் பிடித்தது. துணைத்தலைவர் ஜேம்ஸ் பூல், மழை பெய்து வழி திறந்த அதே வாரத்தில், ஜூலை 16 அன்று இறந்தார். அவரைப் புதைத்த இடத்தின் மரத்தில் அவர் பெயரின் முதலெழுத்துகளையும் ஆண்டையும் செதுக்கினார்கள்.

அந்த ஆறு மாதத்தில் ஒருநாள் முதியவர் ஒருவர் தனியாக முகாமுக்கு வந்தார். கவிழ்த்து வைத்திருந்த படகைப் பார்த்ததும் அது எதற்கானது என்று தமக்குத் தெரியும் என்பதுபோல் சைகை செய்து, வடமேற்கைச் சுட்டினார். அங்கே கடல் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா என்று ஸ்டர்ட் எண்ணினார். முதியவர் சுட்டியவை மழைக்காலத்தில் நிரம்பும் ஓடைகளாகவும் ஏரிகளாகவும் இருக்கலாம். தான் கேட்க விரும்பியதையே ஸ்டர்ட் அந்தச் சைகையில் கேட்டார்.

ஆகஸ்டில் கூரிய கற்கள் பரவிய வெட்டவெளியைக் கடந்து, செப்டம்பர் தொடக்கத்தில் மணல் மேடுகளுக்கு நடுவே அவர் திரும்ப முடிவெடுத்தார். மீண்டும் ஒருமுறை முயன்றபோது, நவம்பரில், 127 பாகை பாரன்ஹீட் வரை அளவு குறித்திருந்த அவருடைய வெப்பமானி, மர நிழலில் வைத்திருந்தும் குமிழ் வெடித்து உடைந்தது. செல்சியஸ் கணக்கில் அது ஏறத்தாழ 53 பாகை.

அதே நவம்பரில் நடந்த ஒரு நிகழ்ச்சிதான் இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ளச் சாவி. கூப்பர் ஓடைப் பகுதியில் ஸ்டர்ட் ஒரு மணல் மேட்டின் மீது ஏறி நின்றபோது கீழே முந்நூறு, நானூறு பேர் கூடிய பெரிய குடியிருப்பு தென்பட்டது. அவர்கள் மரத்தாலான பெரிய தொட்டிகளில் நீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். சுட்ட வாத்தும் மாவுப் பண்டமும் தந்தார்கள். அதற்குமுன் குதிரையைப் பார்த்தறியாதவர்கள், தங்கள் முகத்தை உரசும் அளவுக்கு நெருங்கி நின்ற குதிரையின் வாய்க்கு நேரே தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தன் நாட்டவர் எந்த மனிதருக்கும் வாழ முடியாத இடம் என்று எண்ணிய நிலத்தில், நானூறு பேர் வயிறாரச் சாப்பிட்டு, வந்த விருந்தாளிக்கும் பங்கு வைத்ததை ஸ்டர்ட் வியப்போடு எழுதி வைத்தார். அதே கூப்பர் ஓடையின் கரையில்தான் பதினாறு ஆண்டுகள் கழித்து பர்க், வில்ஸ் என்ற இரு பயணிகள் போதிய ஊட்டமின்றிச் செத்தார்கள்.

வைலியோடு நடந்தவர்

ஸ்டர்ட்டுக்கு முன்பே எட்வர்ட் ஜான் ஐர் என்ற இளைஞர், வடக்கே உப்பு ஏரிகளால் தடுக்கப்பட்டு, 1841இல் தென்கரை வழியாக மேற்கே நடந்தார். நல்லர்போர் சமவெளியின் கடற்கரை அது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒரு ஆறும் இல்லை. சுண்ணாம்புப் பாறை மழைநீரை உடனே உள்ளிழுத்துவிடும். ஐருடன் ஜான் பாக்ஸ்டர் என்ற மேற்பார்வையாளரும் மூன்று பூர்வகுடி இளைஞர்களும் சென்றனர். அவர்களில் ஒருவர் மேற்கே ஆல்பனி பகுதியைச் சேர்ந்த வைலி.

இந்தப் பயணத்தின் நீர்க்கணக்கு முழுவதும் பூர்வகுடி அறிவின் கணக்கு. அந்தக் கரையிலுள்ள வளைகுடாவின் தலைப்பகுதியில் வாழ்ந்தவர்கள் நீர் எங்கே கிடைக்கும் என்று ஐருக்கு வழிகாட்டினார்கள். கடலோர வெண்மணல் மேடுகளின் அடிவாரத்தில், சரியான இடத்தில் தோண்டினால், உவர்நீருக்கு மேலே மிதக்கும் நன்னீர் ஊறி வரும். தோண்டும் இடம் ஒரு சில அடி மாறினாலும் உப்புக் கரிக்கும். சில யூக்கலிப்டஸ் வகைகளின் வேர் மண்ணுக்கு அடியில் பக்கவாட்டில் நெடுந்தூரம் ஓடும். அதை இழுத்தெடுத்து, சிறு துண்டுகளாக வெட்டி, பட்டையை உரித்து, ஒரு பாத்திரத்தில் நிமிர்த்தி வைத்தால் சொட்டுச் சொட்டாக நீர் இறங்கும். இந்த முறையை ஐர் தம் நூலில் விரிவாகவே விளக்குகிறார். விடியலில் புல்லின் மேல் படிந்த பனித்துளியைக் கடற்பஞ்சால் ஒற்றிப் பிழிந்தும் அவர் குடித்தார்.

ஏப்ரல் 29 இரவில் பாக்ஸ்டர் சுட்டுக் கொல்லப்பட்டார். மற்ற இரு இளைஞர்களும் துப்பாக்கியும் உணவும் எடுத்துக்கொண்டு சென்றுவிட்டனர். ஐரும் வைலியும் ஏழு நாள் நீர்நிலை எதுவும் காணாமல் நடந்து, பூர்வகுடிகள் மணலில் தோண்டியிருந்த கிணறுகளை அடைந்தார்கள். ஜூனில் கரையோரம் நின்ற ஒரு பிரெஞ்சுத் திமிங்கில வேட்டைக் கப்பல் அவர்களுக்கு உணவு தந்தது. ஜூலை 7 அன்று இருவரும் ஆல்பனியை அடைந்தபோது வைலியின் உறவினர் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பள்ளிப் பாடங்கள் நெடுங்காலம் இதை ஐரின் தனிமனித சாதனையாகவே சொல்லிவந்தன. நடந்தவை நான்கு கால்கள்.

கூப்பர் ஓடையில் நடந்தது

1860 ஆகஸ்ட் 20 அன்று மெல்போர்னின் ராயல் பார்க்கில் சுமார் 15,000 பேர் கூடி வழியனுப்பிய குழுவின் தலைவர் ராபர்ட் ஓஹாரா பர்க். அவர் காவல்துறை அதிகாரி. காட்டு வழிப் பயணத்தில் அனுபவம் இல்லாதவர். தங்கம் கொழித்த விக்டோரியா குடியேற்றம், அண்டைக் குடியேற்றமான தெற்கு ஆஸ்திரேலியாவை முந்திக்கொண்டு கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்கே கடந்துகாட்ட விரும்பியது. 19 ஆட்கள், 26 ஒட்டகங்கள், 23 குதிரைகள், சுமார் 20 டன் சரக்கு. ஒட்டகங்களுக்கு என்றே 60 கேலன் ரம் எடுத்துச் செல்லப்பட்டது. ஆஸ்திரேலியாவில் அதுவரை கண்டிராத செலவு.

பர்க் இந்தச் சுமையை வழியெங்கும் விட்டுவிட்டுப் போனார். குழுவையும் மூன்றாகப் பிரித்தார். டிசம்பர் 16 அன்று கூப்பர் ஓடை முகாமிலிருந்து வில்லியம் வில்ஸ், ஜான் கிங், சார்ல்ஸ் கிரே ஆகியோரோடு, ஆறு ஒட்டகங்களும் ஒரு குதிரையும் கொண்டு, மூன்று மாத உணவோடு வடக்கே கிளம்பினார். இந்த நால்வருக்கும் வழிகாட்டியாகப் பூர்வகுடி ஒருவர்கூட இல்லை. 1861 பிப்ரவரியில் கார்ப்பென்டேரியா வளைகுடாவின் உவர்நீர் ஏறும் சதுப்பை அடைந்தார்கள். அலையாத்திக் காடு மறித்ததால் திறந்த கடலைக் காணாமலேயே திரும்பினார்கள். வரும் வழியில் கிரே இறந்தார். மீதி மூவரும் ஏப்ரல் 21 மாலை முகாமை அடைந்தபோது அங்கே யாருமில்லை. நான்கு மாதம் காத்திருந்த காவல் குழு அன்று காலையில்தான் புறப்பட்டிருந்தது. ஒரு கூலிபா மரத்தில் 'தோண்டு' என்று செதுக்கியிருந்தது. அடியில் கொஞ்சம் உணவு புதைத்திருந்தார்கள்.

பொதுவாகக் கதை இந்த ஒன்பது மணி நேரத் துயரத்தில் நின்றுவிடும். நாம் கவனிக்க வேண்டியது அதற்குப் பின் வந்த இரண்டு மாதம். மூவரும் நின்றது வறண்ட மணலில் அன்று. நீரும் மீனும் பறவையும் உள்ள ஓடையின் கரையில் நின்றார்கள். யாண்ட்ருவாந்தா மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தார்கள். அவர்கள் மூவருக்கும் மீனும் நார்டூ அப்பமும் பலமுறை கொடுத்தார்கள். வில்ஸ் அவர்களுடைய குடியிருப்பில் விருந்தினராகவும் தங்கினார். ஆனால் ஒரு துணியைத் தூக்கிப் போனார் ஒருவர் என்று பர்க் அவர்மேல் துப்பாக்கி நீட்டினார். மீன் கொண்டுவந்தவர்களின் வலைகளைத் தட்டிவிட்டு, சுடும்படி கிங்குக்கு உத்தரவிட்டார். கொடுத்த கை விலகியது.

நார்டூவைப் பற்றிக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது அவசியம். தமிழ்நாட்டின் வயல் வரப்பிலும் குளக்கரையிலும் நாலிலையாக விரியும் ஆரைக்கீரையும் நார்டூவும் மார்சிலியா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நாம் இலையைக் கடைந்து உண்கிறோம். கூப்பர் ஓடை மக்கள், வெள்ளம் வடிந்து தரை காய்ந்த பிறகு மண்ணில் உதிர்ந்து கிடக்கும் அதன் கடினமான கரிய சிறு கூடுகளைப் பொறுக்குவார்கள். வறுத்து, அம்மிபோன்ற கல்லில் அரைத்து, தோலைப் புடைத்து நீக்கி, நீர் தாராளமாக விட்டுக் கரைத்து உண்பார்கள். இந்தப் பக்குவத்தின் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. நார்டூவில் தயமினேஸ் என்ற நொதி மிகுதியாக இருக்கிறது. அது உடலிலுள்ள பி1 உயிர்ச்சத்தை அழித்துவிடும். சூடும் நீரும் அந்த நொதியின் வேகத்தைக் குறைக்கின்றன. பர்க்கும் வில்ஸும் கிங்கும் கூடுகளைப் பொறுக்கவும் அரைக்கவும் கற்றார்கள். பக்குவத்தை முழுதாகக் கற்கவில்லை. வயிறு நிரம்பச் சாப்பிட்டும் கைகால் தளர்ந்து போவதாக வில்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதினார். அவர் விவரித்த அறிகுறிகள் பெரிபெரி நோயோடு பொருந்துகின்றன என்று 1994இல் நேச்சர் இதழில் ஜான் எர்ல், பாரி மெக்ளியரி இருவரும் எழுதினார்கள்.

ஜூன் இறுதியை ஒட்டிய நாட்களில் வில்ஸும் பர்க்கும் இறந்தார்கள். கிங் பிழைத்தார். அவர் யாண்ட்ருவாந்தா மக்களைத் தேடிப் போய், சுட்ட காக்கைகளை அவர்களோடு பகிர்ந்துகொண்டார். ஒரு பெண் அவருக்கு நார்டூ உருண்டை தந்து, கை புண்ணாக இருப்பதால் அதிகம் அரைக்க முடியவில்லை என்று காட்டினார். கிங் தகரக் குவளையில் நீர் காய்ச்சி அந்தப் புண்ணைக் கழுவி மருந்திட்டார். அன்றுமுதல் அந்தப் பெண்ணும் அவர் கணவரும் காலையும் மாலையும் கிங்குக்கு உணவு கொடுத்தார்கள். செப்டம்பர் 15 அன்று ஆல்ஃபிரட் ஹோவிட்டின் தேடுதல் குழு வந்தபோது கிங் அந்த மக்களோடுதான் இருந்தார். தலைவரும் துணைத்தலைவரும் மாண்ட இடத்தில் முன்னாள் படைவீரரான இந்த இளைஞர் உயிரோடிருந்ததற்கு அந்த உறவே காரணம்.

ஸ்டுவர்ட்டின் வழி

அதே ஆண்டுகளில் தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஜான் மக்டவல் ஸ்டுவர்ட் வேறு முறையில் முயன்றுகொண்டிருந்தார். ஸ்டர்ட்டின் 1844 பயணத்தில் வரைவாளராகச் சென்று, டெப்போ கிளென் அனுபவத்தை நேரில் பட்டவர் அவர். 1858க்கும் 1862க்கும் இடையே ஆறு பயணங்கள் செய்தார். வண்டி இல்லை, படகு இல்லை. சிறு குழு, குதிரைகள், குறைந்த சுமை. 1860இல் அவரோடு சென்றவர்கள் இரண்டே பேர். தாமே முன்னால் சென்று அடுத்த நீரைக் கண்ட பிறகுதான் குழுவை அழைத்துச் செல்வார். நீர் கிடைக்காவிட்டால் கூச்சமின்றித் திரும்புவார். மாலையில் சிட்டும் புறாவும் எந்தத் திசையில் பறக்கின்றன, எங்கே புகை எழுகிறது, மனிதர் நடந்த ஒற்றையடித் தடம் எங்கே போகிறது என்று பார்த்தே வழியைத் தீர்மானித்தார்.

தென்பகுதியில் அவருக்குக் கை கொடுத்தது ஆர்ட்டீசியன் வடிநிலத்தின் மேற்கு விளிம்பில் வரிசையாக அமைந்த மேட்டு ஊற்றுகள். நிலத்தடி அழுத்தத்தால் நீர் மேலே பொங்கி, கரைந்து வந்த உப்பும் மணலும் படிந்து, சிறு குன்றுபோல் உயர்ந்து நிற்கும் ஊற்றுகள் அவை. அரபானா முதலிய மக்களுக்கு அவை ஊரும் வழியும் வழிபாட்டிடமும் ஆனவை. அந்தப் பாலை அதற்கும் முன்பே வணிகப் பாதைகள் ஓடிய நிலம். டியரி மக்கள் ஃபிளிண்டர்ஸ் மலையின் செங்காவி எடுக்க நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து வருவார்கள். ஆகவே ஸ்டுவர்ட் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் வழியின் தென்பாதி, ஏற்கெனவே மனிதர் நடந்த வழி.

1860 ஏப்ரல் 22 அன்று கண்டத்தின் நடுப்புள்ளி என்று தாம் கணித்த இடத்தை அடைந்தார். ஜூனில் வாருமுங்கு மக்கள் அவரை எதிர்த்து நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். தங்கள் நீரருகே அனுமதியின்றி வந்தவரைத் தடுத்தது அவர்கள் உரிமை. ஆறாவது பயணத்தில், 1862 ஜூலை 24 அன்று, இன்றைய டார்வினுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடல் நீரில் கை நனைத்தார். திரும்பும்போது ஸ்கர்வியால் பார்வை மங்கி, இரு குதிரைகளுக்கு இடையே கட்டிய தூளியில் தூக்கிவரப்பட்டார். அவர் தலைமையில் சென்றவர்களில் ஒருவரும் வழியில் சாகவில்லை. 1863 ஜனவரி 21 அன்று அடிலெய்டு அவரை ஊர்வலமாக வரவேற்றது. அதே நாளில் மெல்போர்னில் பர்க், வில்ஸ் எலும்புகளுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது.

ஸ்டுவர்ட்டின் வழியை ஒட்டியே தந்திக் கம்பி போடப்பட்டது. சார்ல்ஸ் டாட் மேற்பார்வையில் சுமார் 3,200 கிலோமீட்டர் நீளம், ஏறத்தாழ 36,000 கம்பங்கள். 1872 ஆகஸ்ட் 22 அன்று இரு முனைகளும் இணைந்தன. டார்வினிலிருந்து கடலடிக் கம்பி ஜாவாவுக்குச் சென்றது. அங்கிருந்து சிங்கப்பூர், பினாங்கு வழியாக மதராஸ் கரையேறி, இந்தியாவைக் கடந்து லண்டன் போய்ச் சேர்ந்தது ஆஸ்திரேலியச் செய்தி. மாதக்கணக்கில் கப்பலில் போன தகவல் மணிக்கணக்கில் போனது. அந்தக் கம்பி ஆஸ்திரேலியாவின் தென்பாதியில் ஊற்றுக்கு ஊற்று தாவிச் சென்ற பாதை, அரபானா மக்களின் பாதை.

ஒட்டகமும் ஒட்டகக்காரரும்

பர்க்கின் ஒட்டகங்களில் பெரும்பாலானவற்றை ஜார்ஜ் லேண்டெல்ஸ் இந்தியாவில் வாங்கி, கராச்சியில் கப்பலேற்றி வந்தார். அவற்றைப் பராமரிக்க ஆட்களும் கூடவே வந்தார்கள். தோஸ்த் முகம்மது, ஈசா கான், பெலூச், சாம்லா என்று அவர்களின் பெயர்கள் பதிவாகியுள்ளன. சாம்லா இந்து. குழுவின் உணவு தனக்கு ஒவ்வாது என்று தொடக்கத்திலேயே விலகினார். தோஸ்த் முகம்மதுவின் கையை ஓர் ஒட்டகம் கடித்து முடமாக்கியது. அவர் மெனிண்டியிலேயே தங்கி, அங்கேயே இறந்தார்.

1866இல் தாமஸ் எல்டர் நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களைக் கராச்சியிலிருந்து இறக்குமதி செய்து பெல்டானாவில் வளர்த்தார். அதன்பிறகு பாலைப் பயணத்தின் தன்மையே மாறியது. 1873இல் வில்லியம் காஸ் உலுரு பாறையைக் கண்டு அதன்மேல் ஏறியபோது உடன் ஏறியவர் கம்ரான் என்ற ஒட்டகக்காரர். 1875இல் எர்னஸ்ட் கைல்ஸ் மேற்கு நோக்கிச் சென்றபோது 17 நாள், 500 கிலோமீட்டருக்கும் மேல், நீரே கிடைக்கவில்லை. ஒட்டகங்கள் தாக்குப்பிடித்தன. ஒட்டகங்களின் பொறுப்பு சாலே என்ற ஒட்டகக்காரரிடம் இருந்தது. கடைசியில் மணல் மேடுகளுக்கு நடுவே ஊற்றைக் கண்டவர் டாமி என்ற பூர்வகுடி இளைஞர். அந்த ஊற்றுக்கு இங்கிலாந்து அரசியின் பெயர் வைக்கப்பட்டது.

பறிக்கப்பட்ட அறிவு

நீர் இருக்கும் இடத்தை அன்போடு சொன்னவர்கள் உண்டு. சொல்ல மறுத்தவர்களும் உண்டு. பாலையில் ஒரு நீர்நிலையை வெளியாளுக்குக் காட்டுவது சிறிய காரியமன்று. பத்துக் குதிரைகளும் இருபது ஒட்டகங்களும் ஒரு குடும்பத்தின் கோடைக்கான நீரை ஒரே இரவில் தீர்த்துவிடும். பாறைக்குழிகளில் தேங்கிய மழைநீர் ஆவியாகாமலும் விலங்கு விழுந்து அழுகாமலும் இருக்கக் கல் பலகை மூடிப் பாதுகாத்தவர்கள் அவர்கள்.

மறுத்தவர்களைச் சில பயணிகள் வதைத்தார்கள். பீட்டர் வார்பர்ட்டன் 1873 பயணத்தில் மக்களைப் பிடித்துவைத்து நீர் காட்ட வற்புறுத்தினார். அந்தக் குழு சாவின் விளிம்பில் நின்றபோது தனியே சென்று நீர் கண்டு காப்பாற்றியவரும் சார்லி என்ற பூர்வகுடி இளைஞர்தான். 1896இல் டேவிட் கார்னெகி, பிடித்தவர்களுக்கு உப்பிட்ட மாட்டிறைச்சி கொடுத்துத் தாகத்தைத் தூண்டி, அவர்கள் நீரை நோக்கி ஓடும்படி செய்ததைத் தம் நூலில் தாமே எழுதினார். 1906இல் ஆல்ஃபிரட் கேனிங் மாட்டு மந்தைகளுக்காக வழி அளந்தபோது மக்களைச் சங்கிலியில் பிணைத்து இழுத்துச் சென்றார். அவர் குழுவின் சமையல்காரர் எட்வர்ட் பிளேக் இதைக் கண்டித்துப் புகார் செய்தார். 1908இல் அரசு விசாரணை ஆணையம் அமைந்தது. ஆணையம் கேனிங்கைக் குற்றமற்றவர் என்றது. பிறகு அவர் அதே வழியில் கிணறுகளை வெட்டினார். அவற்றில் பல, மக்கள் ஏற்கெனவே பயன்படுத்திய ஊற்றுகளின் மேல் அமைந்தன.

வரைபடத்தில் ஏறிய ஒவ்வொரு நீர்நிலையும் சில ஆண்டுகளில் ஆட்டுப் பண்ணையாகவோ, மாட்டுப் பண்ணையாகவோ, தந்தி நிலையமாகவோ மாறியது. 1874 பிப்ரவரியில் பாரோ கிரீக் தந்தி நிலையத்தைக் கைடிச்சி மக்கள் தாக்கினார்கள். ஊழியர் இருவர் இறந்தனர். அதற்குப் பழிவாங்கச் சென்ற குழுக்கள் பலரைக் கொன்றன. ஐரின் பிற்கால வாழ்வும் நினைவில் கொள்ளத்தக்கது. வைலியோடு நடந்த அதே ஐர், 1865இல் ஜமைக்கா ஆளுநராக இருந்தபோது ஒரு கிளர்ச்சியை அடக்கியதில் நானூறுக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் கொல்லப்பட்டார்கள். ஒரு மனிதரால் உயிர் பிழைத்தவர், அந்த மனிதரை ஒத்தவர்களுக்கு நீதி செய்வார் என்ற உறுதி எதுவும் இல்லை.

எப்படிச் சொல்ல வேண்டும்

ஃபிளிண்டர்ஸ் மலையின் வாராட்யி பாறைக்குடிலில் சுமார் 49,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் தங்கிய தடயங்கள் கிடைத்துள்ளன. வறண்ட உட்பகுதியில் மனிதர் வாழ்ந்த காலத்தோடு ஒப்பிட்டால், ஐரோப்பியப் பயணங்கள் நடந்த அறுபது ஆண்டு மிகச் சிறிய இடைவெளி. இந்தப் பயணங்களை எடுத்துச் சொல்வதில் தவறில்லை. ஸ்டர்ட்டின் பொறுமை, ஸ்டுவர்ட்டின் கவனம், கிங்கின் பணிவு, பிளேக்கின் மனசாட்சி எல்லாம் மதிக்கத்தக்கவை. தவறு, அவர்கள் யாருமற்ற நிலத்தில் நடந்தார்கள் என்று சொல்வதில் இருக்கிறது. அந்தப் பொய்தான் பின்னர் நிலத்தை எடுத்துக்கொள்ளச் சட்டமாகவும் பயன்பட்டது. 1992இல் மாபோ வழக்கில் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம், கண்டம் யாருக்கும் சொந்தமில்லாமல் இருந்தது என்ற கோட்பாட்டை நிராகரித்தது. கேனிங் வழியில் பிறந்து வளர்ந்தவர்கள் தம் ஓவியங்கள் வழியாகவும் வாய்மொழியாகவும் அந்த வழியின் வரலாற்றைத் தாமே சொன்ன கண்காட்சி 2010இல் தேசிய அருங்காட்சியகத்தில் நடந்தது.

இன்று ஆர்ட்டீசியன் நீரைத் துளையிட்டு இறைப்பதால் மேட்டு ஊற்றுகள் பல வற்றிவிட்டன, வேறு பல மெலிந்துவிட்டன. அவற்றை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் வைத்திருந்தவர்களின் நடைமுறைகளைக் கேட்டுக் கற்பது இனி ஆராய்ச்சியாளரின் விருப்பமாக மட்டும் இருக்கக் கூடாது, நீர்க் கொள்கையின் பகுதியாக வேண்டும். வரலாற்று நூல்களிலும் பாடப்புத்தகங்களிலும் ஐருக்குப் பக்கத்தில் வைலியின் பெயரும், வார்பர்ட்டனுக்குப் பக்கத்தில் சார்லியின் பெயரும், கைல்ஸுக்குப் பக்கத்தில் டாமி, சாலே ஆகியோரின் பெயர்களும், பர்க்கும் வில்ஸும் வரும் பக்கத்தில் யாண்ட்ருவாந்தா மக்களின் பெயரும் இடம்பெற வேண்டும். பாலையைக் கடந்தவர்களின் வரலாறு, அங்கே நீரறிந்து வாழ்ந்தவர்களின் வரலாற்றில் ஓர் அத்தியாயம். அந்த வரிசையில் வைத்தே அதைக் கற்பிக்க வேண்டும்.